ஏழு கம்பி கிட்டாரும் நான் போட்ட உன் கையெழுத்தும்

விக்னேஷ்,

இந்தக் கவரை நான் ஒட்டவில்லை. ஒட்டினாலும் இந்த வீட்டில் யாராவது பிரித்துப் படித்துவிட்டுத் திரும்ப ஒட்டி வைப்பார்கள். எதற்கு அந்த வேலை. பெரியப்பா படிக்கட்டும், பெரியம்மா படிக்கட்டும், உன் அம்மா கட்டாயம் படிக்கட்டும். பன்னிரண்டு அடி அகலத்தில், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, ரயில் பெட்டி மாதிரி கொல்லை வரைக்கும் நீண்டு கிடக்கிற இந்த வீட்டில் ஏழு பேர் இருக்கிறோம். நீயும் நானும் தனியாக நின்று நாலு வார்த்தை பேச ஓர் இடம் கிடையாது. நான் குளியலறையில் இருமினால் கூடத்தில் தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும் என் அண்ணன், உன் பெரியப்பா, "மாத்திரை போட்டியாடா" என்று கேட்கிறார். அதனால் எழுதுகிறேன். சனிக்கிழமை மத்தியானம், மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில். நீ திருமுக்கூடலில் நண்பன் வீட்டிலிருந்து சாயங்காலம் திரும்பி வருவதற்குள் முடித்து உன் பீரோ தட்டில் வைக்க வேண்டும்.

முதலில் விஷயம். சுற்றி வளைக்க எனக்கு வராது. பெங்களூரில் கிட்டார் செய்கிற பட்டறையிலிருந்து உனக்கு வரவேண்டிய போன் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமையே வந்தது. எனக்குத்தான் வந்தது. உன்னை எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அவன் வரமாட்டான் என்று நான் சொன்னேன். இது ஒன்று. இரண்டாவது, எங்கள் கம்பெனியில் ஊழியர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கியிருக்கும் மூன்று வருடப் பயிற்சிக்கு உன் பெயரில் மனு கொடுத்து, உன் அசல் மதிப்பெண் பட்டியலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். அதில் உன் கையெழுத்தைப் போட்டது நான். திங்கட்கிழமை காலை நீ என்னோடு கம்பெனி பஸ்ஸில் ஏற வேண்டும் என்பது என் திட்டம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது உன்னிடம் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். இரண்டையும் இன்று காலை என்னால் முடிந்தவரை பிரித்துப் போட்டுவிட்டேன். ஒன்று முழுதாகப் பிரிந்துவிட்டது. இன்னொன்று பாதிதான். அந்த மீதிப் பாதி உன் கையில் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். அதற்குள் எழுந்து வந்து சட்டையைப் பிடிக்காதே. உட்கார்ந்து படி.

நாலு வருடத்துக்கு முன்னால் சென்னையில் யாரோ ஒரு கல்லூரிப் பையனிடம் அந்தக் கிட்டாரை வாங்கி வந்தாய். பளபளப்பே இல்லாத கறுப்பு. ஏழு கம்பி. இரண்டு கொம்பும் கூராக முன்னால் நீட்டிக்கொண்டிருந்தன. பையிலிருந்து நீ அதை வெளியே எடுத்ததும் பெரியம்மா தறிக்கு ஊடை நூலைத் தாரில் சுற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "என்னாடா இது, சூரசம்ஹாரத்துக்கு எடுத்துக்கினு போறா மாதிரி இருக்குது?" என்றார். உன் அம்மா, "மொன குத்திடும்பா. கண்ணுல கிண்ணுல பட்டா என்னா ஆவறது? ஒசரத்துல மாட்டு" என்றாள். "இது மெட்டல் பாட்டு வாசிக்கறதுக்குன்னே பண்ண கிட்டார்மா" என்றாய் நீ. பெரியப்பா தறியை விட்டு எழாமலே கழுத்தை நீட்டிப் பார்த்து, "மெட்டலா? மரமாத்தான இருக்குது, உன்ன ஏமாத்திட்டான்டா" என்றார். எல்லோரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய். பிறகு அதை மாட்ட இடம் தேடினோம். வீடு முழுக்கத் தேடி, கடைசியில் ஃபிரிட்ஜுக்கு மேலே இரண்டு ஆணி அடித்தாய். நாலு வருடமாக அங்கேதான் இருக்கிறது. ஃபிரிட்ஜ் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அம்மா தலையைக் குனிந்துகொள்கிறாள்.

அன்றைக்கு நான் செய்தது என்ன தெரியுமா, வெர்னியர் காலிப்பரை எடுத்து வந்து அதை அளந்தேன். புரியாத பொருள் கையில் கிடைத்தால் எனக்கு அளக்கத்தான் தெரியும். கழுத்தின் கனம் பத்தொன்பது மில்லிமீட்டர். கம்பியின் நீளம் அறுநூற்று எழுபத்துமூன்று. சாதாரணக் கிட்டாரில் அறுநூற்று நாற்பத்தெட்டுதான் என்றாய். எதற்கு இருபத்தைந்து அதிகம் என்று கேட்டேன். "ஏழாவது கம்பி ரொம்பக் கீழ எறங்கணும்ப்பா. குட்டை நீளத்துல அவ்ளோ எறக்குனா துணி காயப்போடற கயிறு மாதிரி தொளதொளன்னு ஆயிடும். நீளம் ஜாஸ்தியானா எறங்கினாலும் விறைப்பா நிக்கும்" என்றாய். உனக்குப் பதினாலு வயது. டிப்ளமா முடித்துவிட்டு வருகிற பையன்களிடம் இழுவிசையைப் பற்றிக் கேட்டால் கூரையைப் பார்க்கிறார்கள். நீ ஒரே வாக்கியத்தில் சொன்னாய். நான் பதிலுக்கு என்ன சொன்னேன்? "சரி சரி, படிப்பைப் பாரு." அந்த நாலு வார்த்தையைத்தான் நாலு வருடமாக விதவிதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு முப்பத்தெட்டு வயது. மகனுக்குக் கடிதம் எழுதி அறிவுரை சொல்கிற வயது இல்லை இது. என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவர்களில் பாதிப் பேருடைய பிள்ளைகள் இன்னும் மூன்றாவது, நாலாவது படிக்கிறார்கள். இருபது வயதில் எனக்கு நீ பிறந்துவிட்டாய். அதில் வருத்தம் எதுவும் இல்லை, ஆனால் இருபது வயதில் கல்யாணம் பண்ணிக்கொள்ளாதே. இதை அறிவுரையாகவே எடுத்துக்கொள். வேலைக்குச் சேர்ந்த ஐந்தாவது வருடம், எங்கள் லைனுக்கு மெஷின் கொடுத்த கம்பெனிக்காரர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். ஊர் ஊராகப் போய் மெஷினை நிறுத்தி ஓட்டிக் கொடுக்கிற வேலை. புனே, குஜராத், நடுவில் வெளிநாடு. யோசித்துச் சொல்லு என்றார்கள். நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். வேண்டாம் என்று வீட்டில் ஒருத்தரும் சொல்லவில்லை, ஏனென்றால் வீட்டில் ஒருத்தருக்கும் நான் சொல்லவில்லை. அப்புறம் அவர்கள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். பதினெட்டு வருடமாக விடியற்காலை ஐந்து பத்து பஸ். கண்ணாடி திறக்காத பஸ். ஜன்னலே இல்லாத ஷெட். ஒரு மெஷின் நின்றால் எதனால் நின்றது என்று நான் அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவேன். நான் எதனால் நின்றேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இதை உன் அம்மாவும் இப்போதுதான் முதல்முறை படிக்கிறாள்.

போன மாதம் வரைக்கும் நீ வாசிப்பது எனக்குக் கேட்டதே இல்லை. வீட்டில் ஸ்பீக்கர் வைக்க வழியில்லாததால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு போனில் செருகித்தான் வாசிப்பாய். உன் காதுக்குள் என்ன நடந்ததோ, வெளியே எங்களுக்குக் கேட்டதெல்லாம் டிக் டிக் டிக் என்று ஒரு சுரண்டல். "எலி கொறிக்குது" என்பாள் அம்மா. நீ தலையை ஆட்டி, பல்லைக் கடித்து, ஏதோ பெரிய சண்டையில் இருப்பவன் மாதிரி உட்கார்ந்திருப்பாய். பெரியப்பாவின் தறிச் சத்தத்தில் அந்த எலியும் அமுங்கிப்போகும். ஒருநாள் கம்பெனியில் மின்சாரம் பார்க்க என் மல்டிமீட்டரை எடுத்தால் அதில் உயிரே இல்லை. திறந்து பார்த்தால் உள்ளே பேட்டரி இல்லை. லைன் நின்றுகொண்டிருக்கிறது, சூப்பர்வைசர் தலைமேல் நிற்கிறார், நான் காலி மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். வீட்டுக்கு வந்து கத்தினேன். "அந்தக் கிட்டாருக்கு ஒன்பது வோல்ட் வேணும்ப்பா. கம்பிக்கு அடியில இருக்கற பிக்கப்புக்கு பேட்டரி போகணும், அப்பதான் எவ்ளோ சத்தம் ஏத்துனாலும் இரையாம சுத்தமா வரும்" என்றாய். நல்ல காரணம்தான். ஆனால் அன்றைக்கு நான் அறைந்தேன். அந்த அடி அந்தச் சதுர பேட்டரிக்காக மட்டும் விழவில்லை. அதற்கு மேல் விளக்கம் சொல்ல வரவில்லை, மன்னித்துக்கொள்.

அடுத்தது அந்தப் பாலம். இதை மற்றவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்கிறேன், பெரியப்பா படிப்பார். இந்த மாதிரிக் கிட்டாரில் கம்பிகள் வந்து முடிகிற இரும்புப் பாலம் மரத்தோடு இறுகி இருக்காது. இரண்டு முளையில் சாய்ந்து மிதந்துகொண்டிருக்கும். முன்பக்கம் ஏழு கம்பியும் ஒரு திசையில் இழுக்கும், பின்பக்கம் குழிக்குள் ஸ்பிரிங்குகள் எதிர்த் திசையில் இழுக்கும். இரண்டும் சமமாக இருந்தால் பாலம் மட்டமாக நிற்கும். அதில் ஒரு கைப்பிடி இருக்கிறது. அதை அழுத்தினால் கம்பிகள் எல்லாம் ஒரேயடியாகத் தளர்ந்து சத்தம் பாதாளத்துக்குப் போகும், விட்டால் திரும்பி வரும். தொல்லை என்னவென்றால், ஒரு கம்பியைத் திருகினால் பாலம் அசைந்து மற்ற ஆறும் சுருதி மாறிவிடும். அந்த ஆறைச் சரிசெய்தால் முதலாவது மாறிவிடும். நீ ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதோடு மல்லுக்கட்டுவாய். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு மெஷினை இப்படி யாராவது வடிவமைத்தால் அவனை நான் உள்ளேயே விடமாட்டேன். அதனால் நீ பிளஸ் டூ அரையாண்டுப் பரீட்சைக்குப் போயிருந்த ஒரு காலையில், பெரியப்பா ஓரம் போட்டிருந்த பழைய நாடா ஒன்றை எடுத்தேன். தறியில் ஊடை நூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுமே, அந்த நாடா. ஓடி ஓடி வழுவழுவென்று இறுகிப்போன கட்டை. அதை அறுத்து, பத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடப் பிசகாமல் ராவி, பின்பக்கக் குழிக்குள் பாலத்துக்கு இரண்டு பக்கமும் ஆப்பாக இறக்கினேன். பாலம் அசையவில்லை. சுருதி வைத்தேன், அப்படியே நின்றது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். நீ எப்போது வருவாய் என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

நீ வந்தாய். கைப்பிடியை அழுத்தினாய். அது இறங்கவில்லை. இன்னொரு முறை அழுத்தினாய்.

"யாருப்பா இதைத் தொட்டது?"

"நான்தான். இனிமே சுருதி போவாது. எழுதி வேணா தரேன்."

"போகணும்ப்பா. போய்ட்டுத் திரும்பி வரணும். அதுக்குத்தான அது இருக்குது."

"என் மெஷின் அப்டி போய்ட்டுப் போய்ட்டு வந்தா என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்கடா."

பெரியம்மா, "உங்கொப்பன் உனக்காக லீவு போட்டுக்கினு செஞ்சிருக்கான், வாய மூடிக்கினு வாசி" என்றார். நீ வாயை மூடிக்கொண்டாய். அந்த ஆப்பை எட்டு மாதம் நீ எடுக்கவில்லை. உன்னால் எடுக்க முடியும், நாலு திருகாணி, பத்து நிமிட வேலை. அப்பா செய்தது என்று விட்டுவைத்தாய். உன்னிடம் எனக்குப் பிடிக்காத குணம் இதுதான், வெளிப்படையாகவே சொல்கிறேன். யாராவது உன் பொருளில் கைவைத்தால் கத்து. அப்பாவாக இருந்தாலும் கத்து. நீ அன்றைக்குக் கத்தியிருந்தால் நான் இரண்டு நாள் முறைத்திருப்பேன், மூன்றாம் நாள் ஆப்பை எடுத்திருப்பேன். நீ கத்தாததால், உனக்குப் பதிலாக நான் முடிவெடுத்தால் நீ ஒத்துக்கொள்வாய் என்று நான் பழகிவிட்டேன். குற்றத்தை உன் தலையில் போடவில்லை. எனக்கு எப்படித் துணிச்சல் வந்தது என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

பிறகு என் டூல்பாக்ஸிலிருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் போனது. மட்டம் பார்க்கிற எஃகு ஸ்ட்ரெய்ட் எட்ஜ் போனது. மெல்லிய அரம் போனது. ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வந்து பார்த்தால் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறாய், யாருடைய கிட்டாரோ மடியில் இருக்கிறது. கழுத்தில் குறுக்கே பதித்திருந்த இருபத்துநாலு உலோகக் கட்டைகளின் உச்சியிலும் கறுப்பு மை பூசியிருக்கிறாய். நீளமான சட்டத்தில் உப்புத்தாளை ஒட்டி ஒரே மட்டமாகத் தேய்க்கிறாய். மை எங்கே அழிகிறதோ அங்கே உயரம், எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே பள்ளம். எல்லாக் கட்டையிலும் மை ஒரே மாதிரி போகும்வரை நீ நிமிரவில்லை. நான் படிக்குக் கீழே நின்று பார்த்தேன். எங்கள் ஷெட்டில் மெஷின் படுகையை இப்படித்தான் மட்டம் பார்ப்போம். உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உன் கையை இந்த மாவட்டத்திலேயே யாருக்கும் காட்டலாம் என்று நினைத்தேன். வாயைத் திறந்தபோது, "ஃபீலர் கேஜை எண்ணெய் போட்டுத் தொடைச்சி வையி" என்றுதான் வந்தது.

அப்புறம் சென்னையிலிருந்து பையன்கள் தேடிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். கருடசேவை அன்றைக்கு வந்து மாட்டிக்கொண்டார்களே, நினைவிருக்கிறதா? தெருவை இரண்டு பக்கமும் அடைத்துவிட்டார்கள், வேன் நுழையவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் நிற்கிறது. ஆறு பேர், எல்லாரும் கறுப்புச் சட்டை, தோளில் சவப்பெட்டி மாதிரி கிட்டார் பெட்டிகள். எதிர்வீட்டுக்காரர் பானகம் கொடுத்துக்கொண்டே, "வைகாசியில எந்த மலைக்குப்பா போறீங்க, மாலையக் காணோமே?" என்று கேட்டார். அதில் முடி நீளமாக வைத்திருந்தவன் பணிவாக, "விக்னேஷ் அண்ணன் வீட்டுக்கு வந்தோம் சார்" என்றான். அண்ணன்! அவனுக்கு இருபத்தைந்து வயதாவது இருக்கும். நம் கூடத்தில் தறிக்குப் பக்கத்தில் ஆறு பேரும் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து அம்மா போட்ட புளியோதரையைத் தின்றார்கள். நீ ஒவ்வொரு கிட்டாராக எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, "கழுத்து முறுக்கிக்கினு இருக்குது", "இதுல கம்பி ரொம்பத் தடிமன்" என்று டாக்டர் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாய். அன்றைக்குத்தான் அந்த நீளமுடிக்காரன் பெங்களூர்ப் பட்டறையைப் பற்றி உனக்குச் சொன்னான்.

போன மாதம் நான் ஒலிமுகமது பேட்டைக்குப் போனேன், கரீம் பாயின் மைக்செட் குடோனுக்கு. கோயில் விசேஷத்துக்கும் கல்யாணத்துக்கும் நிக்காஹ்வுக்கும் அவர் கட்டுகிற ஸ்பீக்கர்தானே. நீ ஓய்வு நேரத்தில் அவருக்கு ஒயர் பற்றவைத்துக் கொடுக்கப் போவாய் என்பதால், உன்னிடம் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள், பெங்களூர் எல்லாம் வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று கேட்கத்தான் போனேன். நீ கிட்டாரோடு அங்கேயே இருப்பாய் என்று எதிர்பார்க்கவில்லை. பாய், "சும்மா குந்துங்க தம்பி" என்று ஒரு ஸ்பீக்கர் பெட்டிமேல் என்னை உட்கார வைத்தார். "உங்க பிள்ளை வாசிச்சு நீங்க கேட்டிருக்கீங்களா?"

"தினம்தான் கேக்கறேன் பாய். டிக்கு டிக்குன்னு."

"அது இல்ல தம்பி. டேய் விக்கி, அந்தப் பெருசுல செருகுடா. நம்ம சரக்குக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

"ஆவாது பாய்."

நீ ஏழாவது கம்பியை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு அடித்தாய். அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. காதில் கேட்பதற்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்த பெட்டி என் முதுகெலும்பில் ஏறியது. தகரக் கூரை அதிர்ந்து தூசி கொட்டியது. பிறகு நீ வேகமாக வாசித்தாய், ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, நறுக்கென்று, நடுவில் மௌனத்தோடு. தகடு அழுத்துகிற எங்கள் பிரஸ் ஷாப்பில் எட்டு மெஷின் ஒரே தாளத்தில் ஓடினால்தான் அப்படி இருக்கும். அது ஒருநாளும் ஓடியதில்லை. கடைசியில் கைப்பிடியை அழுத்தினாய். சத்தம் கீழே, கீழே, கிணற்றுக்குள் போகிற மாதிரி இறங்கியது. நீ கையை விட்டாய். அது துல்லியமாகத் தன் இடத்துக்குத் திரும்பி வந்து நின்றது. அப்போதுதான் தெரிந்தது, நீ என் ஆப்பை எடுத்துவிட்டாய் என்று. பாய் ஒரு காதில் விரலை வைத்துக்கொண்டு, "நமக்கு இந்த மாதிரி பாட்டு ஒத்துக்காது தம்பி. ஆனா அந்தக் கையைப் பாருங்க" என்றார்.

அன்றைக்கு எனக்குப் பெருமை வந்திருக்க வேண்டும். பயம் வந்தது. நீ போய்விடுவாய் என்று தெரிந்துவிட்டது. நீ சுமாராக வாசித்திருந்தால், சுமாராகத் தேய்த்திருந்தால், நான் உன்னை பெங்களூருக்கு அனுப்பியிருப்பேன், ஆறு மாதத்தில் திரும்பி வருவான் என்ற தைரியத்தில். நீ திரும்பி வரமாட்டாய். இந்தப் பன்னிரண்டு அடியில், இத்தனை பேருக்கு நடுவில், நான் பேசுகிற பாஷையைப் புரிந்துகொள்கிறவன் நீ ஒருத்தன்தான். பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்று சொன்னால் உனக்குத்தான் புரியும். நீ போய்விட்டால் நான் இங்கே யாரோடு இருப்பேன்? இதுதான் காரணம். உன் எதிர்காலம், நிரந்தர வேலை, கேன்டீன், இன்சூரன்ஸ் என்று ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் சொல்வதற்குத் தயார் பண்ணி வைத்திருந்த காரணங்கள் எல்லாம் பொய். நான் அடைபட்டிருக்கும் இடத்தில் எனக்குத் துணை வேண்டியிருந்தது.

மனுவை நிரப்பினேன். உன் கையெழுத்தை ஷிஃப்ட் ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் இருபது தடவையாவது எழுதிப் பழகினேன். கையெழுத்து நன்றாக வந்தது. அதில் எனக்கு ஒரு அற்பத் திருப்திகூட இருந்தது. செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் இருக்கும்போது போன் வந்தது. பட்டறை விண்ணப்பத்தில் வீட்டுப் பெரியவரின் எண் என்ற இடத்தில் என் எண்ணை எழுதியிருக்கிறாய். அவர் பெயர் ஜோசப். "சார், பையன் அனுப்பின வீடியோ பார்த்தேன். கட்டை தேய்க்கறதுல நல்ல கை. இங்கயே தங்கி வேலை கத்துக்கணும், அதான் வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு சேர்த்துக்கலாம்னு" என்றார். நான், "அவனுக்கு இஷ்டம் இல்ல சார். கம்பெனியில சேர்ந்துட்டான்" என்றேன். அவர், "அப்டியா? சரி சார்" என்று வைத்துவிட்டார். பஸ்ஸில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் காதிலும் விழவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நீ கேட்டாய், "போன் ஏதாவது வந்துதாப்பா?" இல்லை என்றேன். புதன்கிழமை கேட்டாய், இல்லை என்றேன். வியாழக்கிழமை நீ கேட்பதற்கு முன்னாலேயே இல்லை என்றேன். "நீயே ஒரு தடவை பேசிப் பாரேன்டா" என்று அம்மா சொன்னதற்கு, "வேணாம்மா, தொந்தரவு பண்ணா பிடிக்காது, அவங்களே கூப்பிடறேன்னாங்க" என்றாய். நேற்று நீ கேட்கவே இல்லை. சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, என் ஸ்ட்ரெய்ட் எட்ஜ், ஃபீலர் கேஜ், அரம் எல்லாவற்றையும் எண்ணெய் போட்டுத் துடைத்து என் டூல்பாக்ஸில் பழைய இடத்தில் அடுக்கி வைத்தாய். "இனிமே எனக்கு வேணாம்ப்பா" என்றாய். முகத்தில் கோபம் இல்லை. ஒன்றுமே இல்லை. அந்த முகம் எனக்குத் தெரியும்டா. தினமும் பஸ் கண்ணாடியில் பார்க்கிறேன்.

இன்று எனக்கு வார விடுமுறை. ஆனாலும் காலை பஸ்ஸில் போனேன். பயிற்சிப் பிரிவு அதிகாரியிடம், மனுவில் உள்ள கையெழுத்து என் மகனுடையது இல்லை, நான் போட்டது என்று சொன்னேன். அவர் சிரித்தார். "எல்லா அப்பாவும் போடறதுதான் சார், விடுங்க, திங்கக்கிழமை பையனை அனுப்புங்க" என்றார். அதுதான் எனக்கு அதிர்ச்சி. எல்லா அப்பாவுமா? இல்லை சார், அவனுக்கு இது தெரியாது, மனுவைத் திரும்பக் கொடுங்கள் என்றேன். அவர் முகம் மாறியது. "அப்ப எழுதிக் குடுங்க. மேல போவும், விசாரணை வரும், தெரியுமில்ல?" எழுதிக் கொடுத்தேன். என்ன வரும் என்று தெரியாது. அது என் பாடு, அதற்காக நீ இங்கே நிற்கத் தேவையில்லை, நிற்கவும் கூடாது. உன் மதிப்பெண் பட்டியலை வாங்கி வந்துவிட்டேன். இந்தக் கவருக்கு அடியில் பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. சரிபார்த்துக்கொள்.

திரும்பி வரும்போது முசரவாக்கம் தாண்டியதும் ஜோசப்பைக் கூப்பிட்டேன். நான் சொன்னது பொய் சார், அவன் எங்கேயும் சேரவில்லை, அவனுக்கு நீங்கள் கூப்பிட்டதே தெரியாது என்றேன். பிறகு நிறுத்தாமல் உன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன். அவன் கை அப்படி, பொறுமை இப்படி, பதினாலு வயதிலேயே இழுவிசை தெரியும், கண்டிப்பாக வருவான், நாளைக்கே கொண்டுவந்து விடுகிறேன் என்று. அவர் நடுவில் நிறுத்தினார்.

"சார், அன்னிக்கு அவன் வரமாட்டான்னு நீங்க சொன்னீங்க. இன்னிக்கு வருவான்னும் நீங்கதான் சொல்றீங்க. அவன் எங்க சார்?"

அவரே மேலே பேசினார்.

"இன்னொரு பையனைப் பார்த்து வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் அவனுக்குச் சொல்ல மாட்டேன். உங்க பையன் பேசட்டும். நீங்க பேசாதீங்க."

அவர் எண் இந்தத் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது. இடம் கிடைக்கும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை, நானும் கொடுக்கமாட்டேன். நீ போகலாம், போகாமல் இருக்கலாம், என்மேல் இருக்கிற கோபத்தில் இரண்டையும் விட்டுவிட்டு வேறு எங்காவதுகூடப் போகலாம். நான் அபிப்பிராயம் சொல்லப் போவதில்லை. நாளைச் சாயங்காலம் ஆறு மணிக்குள் கூப்பிடு. வரவில்லை என்று சொல்வதாக இருந்தாலும், அதை உன் வாயால் நீயே சொல்.

அப்பா